செங்கமலத்தின் விலாசம்

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். அந்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கண் மங்கல், வயதுக்கு வருகிறதுதான். அதைச் சொல்ல இத்தனை காகிதம் வேண்டாம். நம் ஊரில் இப்போது துணிக்கும் கூப்பன், சர்க்கரைக்கும் கூப்பன். நல்ல காகிதம் வேண்டுமென்றால் உடையார்பாளையத்துக் கடைக்காரரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கெஞ்சித்தான் வாங்கிவந்தேன்.

உன் கடிதம் வந்தது. உன் அப்பாவைப் பெரம்பலூருக்குப் போய்ப் பெண் வீட்டாரோடு பேசி, தை மாதத்தில் நாள் குறித்துவரச் சொல்லியிருக்கிறாய். பத்திரிகையை உன் முதலாளி தன் அச்சாபீசிலேயே இனாமாக அடித்துத் தருகிறாராம். மஞ்சள்கூட அங்கேயே தடவி, விலாசம் எழுதி, தபாலில் சேர்த்துவிடுவார்களாம். நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். உன் அப்பா அன்றைக்கே வெளுத்த வேட்டியை எடுத்து உதறினார். நான்தான் நிறுத்தினேன். நாள் குறிப்பதற்கு முன்னால் நீ ஒருமுறை ஊருக்கு வர வேண்டும். செங்கமலத்தைப் பார்த்து, அவள் கேட்கிற ஒரு கேள்விக்கு உன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் அந்தப் பரிசுக் கம்பெனி வேலையில் இருக்க உனக்கு மனம் வந்தால் இரு, நான் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பும் எனக்கு இல்லை. ஏன் வரச் சொல்கிறேன் என்பதை மட்டும் பொறுமையாகப் படி.

செங்கமலம் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பட்டணத்துக்குப் போனவர்களுக்கு ஊர் முகங்கள் கொஞ்சம் அழிந்துபோகும், அதனால் சொல்கிறேன். நம் வீட்டுக் கொல்லையைத் தாண்டி முந்திரித்தோப்பை ஒட்டின கூரை வீடு அவளுடையது. கல்யாணமான மறுவருஷமே அவள் புருஷன் கோவிந்தன் மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். திரும்பும்போது தையல் மிஷின் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு உலக யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. சண்டை முடிந்து ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்கள் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சில வீடுகளுக்கு மூலையில் கறுப்புத் தடவின கடிதம் வந்தது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை. களை எடுத்துக்கொண்டு, முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டு, நாலைந்து ஆட்டை வைத்துக்கொண்டு இருந்தாள். நெற்றியில் மட்டும் காலணா அகலத்துக்குக் குங்குமம். யாராவது நாக்கில் நரம்பில்லாமல் கேட்டால், "கறுப்பு தடவிக் காயிதம் வரலீல்ல? அப்ப இருக்காருன்னுதானே அர்த்தம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவள் மலேயாவுக்குப் போட்ட கடிதங்களையெல்லாம் எழுதினது நீதான். அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். நெல் குதிருக்குப் பக்கத்தில் உன்னை உட்காரவைத்து அவள் சொல்லுவாள்: "ஆடு குட்டி போட்டிருக்குன்னு எழுது தம்பி. ரெண்டும் பொட்டக்குட்டின்னு எழுது. எனக்குக் காய்ச்சல் வந்தத எழுதாத, அங்க ஒத்தயில கெடந்து வெசனப்படுவாரு." நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதுவாய். கூலியாகச் சுட்ட முந்திரிப்பருப்பு மடியில் வரும், அதை வாங்கும்போது மட்டும் முகம் சிரிக்கும். அவள் வாயால் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், உனக்கு அதில் ஒரு விளையாட்டு. "பேரச் சொன்னாத்தான் எழுதுவேன்" என்று அடம்பிடிப்பாய். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பாள், நான் சொல்லுவேன்.

அந்த வீட்டுக்கு விலாசம் என்று ஒன்றை உண்டாக்கினவனும் நீதான். அதற்கு முன்னால் அங்கே ஒரு தபாலும் வந்ததில்லை. பதில் எங்கே வரும் என்று அவள் கேட்டபோது, நீ பென்சிலைக் கடித்து யோசித்து, "கோவிந்தன் சம்சாரம் செங்கமலம், முந்திரித்தோப்புக் கீழண்டை" என்று எழுதி அதன் கீழே ஊர்ப் பெயரைப் போட்டாய். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தன் குடிசை ஒரு கவரில் ஏறிக் கடல் தாண்டிப் போகிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த விலாசத்தை எழுதினது நீ, அதைப் பார்த்துப் பதில் போட்டது கோவிந்தன். வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதே இல்லை.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது புதுச் சட்டையும் கைக்கடிகாரமுமாக வந்தாய். அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து, நான் அதிரசம் சுடச் சுட எடுத்துத் தின்றுகொண்டே உன் ஆபீசைப் பற்றிச் சொன்னாய். வீடு வீடாகப் பரிசுக் கடிதம் அனுப்புகிற கம்பெனி என்றாய். தெரிந்தவர்கள் விலாசத்தையெல்லாம் குமாஸ்தாக்கள் எழுதித் தர வேண்டுமாம், எவ்வளவு எழுதுகிறாயோ அவ்வளவு நல்ல பெயராம். "மொதலாளி வடக்கத்திக்காரரும்மா, நம்ம சனங்க வழக்கம் அவருக்கு என்னா தெரியும்? பாதிக் காயிதத்த பிரிக்காமயே கிழிச்சிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு யோசனை சொன்னேன். இப்ப ஒருத்தரும் கிழிக்கிறதில்ல. சம்பளத்த ஏத்திட்டாரு" என்றாய். என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை. பிள்ளை முன்னுக்கு வருகிறான் என்ற நினைப்பில் இன்னும் இரண்டு அதிரசத்தை உன் தட்டில் போட்டேன். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ பெருமையாகச் சொல்லியிருப்பாய், நானும் கெட்டிக்காரன் என்று சிரித்திருப்பேனோ என்னவோ, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் ஒரு நாள், நான் கொல்லையில் புளி உலர்த்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "கோவிந்தன் சம்சாரம் யாருங்க இங்க?" என்று சத்தமாகக் கேட்டார். அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. செங்கமலம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கவரை வாங்கினவள் பிரிக்கவில்லை, முதலில் மூலையைத்தான் பார்த்தாள். நம் பக்கத்தில் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் கடிதத்தை அப்படித்தானே படிக்கிறார்கள். கறுப்பு இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே கிழித்துப் போடுவார்கள், மஞ்சள் இருந்தால் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அவள் கத்தின சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின.

"அக்கா, மஞ்சக்கா! மஞ்ச தடவி வந்திருக்கு! நல்லாருக்காருக்கா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நானும் அழுதேன், தம்பி. என் கை புளியோடு இருந்தது, அதோடு அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு அவள் வீட்டுக்குப் போய், முருகன் படத்துக்கு முன்னால் கவரை வைத்துக் கற்பூரம் காட்டி, என் கையில் கொடுத்தாள். நான் உள்ளே இருந்ததை எடுத்துப் படித்தேன். அச்சடித்த கடிதம். பட்டணத்தில் பெரிய குலுக்கல் நடந்ததாம், அதில் தங்கள் பெயருக்கு அதிர்ஷ்டம் விழுந்திருக்கிறதாம். பக்கத்தில் தையல் மிஷின் படம். பார்சல் கூலியும் வரியும் மட்டும் கட்டினால் பரிசு வீடு தேடி வருமாம், இணைத்திருக்கிற கார்டில் சம்மதம் என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். கோவிந்தனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன், அவளோ படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ எந்தக் குலுக்கல்லயும் சேரலியேடி?" என்றேன்.

"நான் எங்கக்கா சேந்தேன்? அவருதான் எம்பேருல சேத்துவுட்டிருப்பாரு. மிஷின் கொண்டாறேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு? மின்னாடி மிஷின் வருது, பின்னாடி அவரு வருவாரு."

படத்தின் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் நாலைந்து வரி இருந்தது. கண்ணுக்கு எட்டவில்லை. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பிடித்துப் படித்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை விட்டுவிட்டேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, படத்தில் உள்ளது கிடைக்கும் என்று எங்கும் சொல்லவில்லை, கம்பெனி விரும்புகிற பரிசை அனுப்புவார்களாம். நீ அச்சில் போட்டாய், நான் வாயால் படித்தேன். தெருவில் எல்லோர் வீட்டுக் கடிதத்தையும் படித்துச் சொல்கிற எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அந்தப் பெயரை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். கார்டையும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து உன் ஆபீசுக்கு வந்திருக்கிறது, தம்பி. அதை யார் எடுத்துப் பார்த்தது என்று எனக்குத் தெரியாது. பத்துப் பேர் உட்காருகிற ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறாய், வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி உன்னைக் கேட்கப் போவதில்லை. நீயாகவும் சொல்லிவிடாதே.

ஆனியில் பார்சல் வந்தது. வி.பி. பார்சல் என்றால் பணத்தைக் கட்டினால்தான் பிரிக்கலாம். தபால்காரர் நல்ல மனுஷர், கையில் தூக்கிப் பார்த்தே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "தையல் மிஷின்னா இம்மாம் லேசாவா இருக்கும்? வேணாம்மா, வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க, நான் திருப்பி அனுப்பிடறேன்" என்றார். நானும் அதையே சொன்னேன். அவள் கேட்கவில்லை. "மஞ்ச தடவி வந்தத வாசல்லேருந்து திருப்பி அனுப்புறதாக்கா? அவரு வர்ற நேரத்துல அப்படிப் பண்ணலாமா?" என்று என்னையே கோபித்துக்கொண்டாள். இரண்டு நாள் தவணை வாங்கி, சினையாட்டையும் அதன் போன ஈற்றுக் குட்டியையும் ஜெயங்கொண்டம் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்று, பணத்தைக் கட்டினாள். படத்தைக் கண்டால் வேறு எந்த ஊர்க்காரியும் ஏமாந்திருப்பாள், சரி. ஆனால் தபால்காரரே வேண்டாம் என்று சொன்ன பிறகும் பணத்தைக் கட்டவைத்தது படம் இல்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவச் சொன்ன உன் யோசனைதான்.

உள்ளே ஒரு தகர டப்பா இருந்தது. அதன் மூடியில் அதே மிஷின் படம். டப்பாவுக்குள் ஊசிகள், இரண்டு நூல்கண்டு, விரலில் மாட்டிக்கொள்கிற ஒரு தகர உறை, மீதி இடத்துக்கு வைக்கோல். அவள் வைக்கோலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "சரிக்கா, ஒலை வைக்கணும்" என்று எழுந்து போனாள். மறுநாள் நம் வயலுக்குக் களை எடுக்க வந்தவள் வெறும் நெற்றியோடு வந்தாள். பெண்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரப்பில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவளே சொன்னாள்: "இம்மாம் வருசம் மஞ்ச வரும், இல்லாட்டி கறுப்பு வரும்னு இருந்தேன். மஞ்சயே பொய்யின்னா பொறவு எத வச்சிக்கா நான் தெரிஞ்சிக்கறது?"

ஆடு போனதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் உனக்கு இதைச் சொல்கிறேன். நீ ஒருவேளை பணத்தை மணியார்டர் செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். நாங்கள் கொடுத்தோம், தம்பி. உன் அப்பா நம் தொழுவத்திலிருந்து ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டுபோய் அவள் வீட்டில் கட்டிவிட்டு வந்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. தழை போட்டாள், அவ்வளவுதான்.

அந்தக் கவர் மட்டும் முருகன் படத்துக்கு முன்னாலேயே கிடந்தது. அவள் கண்ணில் படாமல் எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் போனேன். எடுத்த பிறகுதான் முதல் முறையாக மேலே எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்தேன். அன்றைக்கு இருந்த களேபரத்தில் யார் விலாசத்தைப் பார்த்தார்கள்? "கோவிந்தன் சம்சாரம் செங்கமலம், முந்திரித்தோப்புக் கீழண்டை." கீழண்டையில் ழகரத்தின் வால் ஒரு சுற்றுச் சுற்றிப் பன்றிக்குட்டி வால் மாதிரி நின்றது. அந்த வாலுக்காக நீ வாத்தியாரிடம் வாங்கின அடி எத்தனை! ஏலாக்குறிச்சியில் என் மாமா வீட்டில் தங்கி ஐந்தாவது வரை படித்தவள் நான், உன் கையைப் பிடித்து எழுதவைத்ததும் நான், அந்த வாலை மட்டும் என்னால் நிமிர்த்த முடியவில்லை. உன் அப்பத்தா செல்லமாகச் சொல்வாள், விடுடி, எங்கே போனாலும் பிள்ளையை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று. கண்டுபிடித்துவிட்டேன். அங்கேயே, அவள் வீட்டு மண்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவளைக் கெடுக்க வேண்டும் என்று நீ நினைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. உன்னை எனக்குத் தெரியும். தெரிந்த விலாசங்களை எழுதச் சொல்லியிருப்பார்கள், மனதில் இருந்ததையெல்லாம் மளமளவென்று எழுதியிருப்பாய். அந்த வரி உனக்குப் பழக்கமான வரி, கை தானாக ஓடியிருக்கும். எழுதும்போது அவள் முகம் வந்திருந்தால் நிறுத்தியிருப்பாய். வரவில்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டலாம், அடிக்கலாம். எண்ணமே இல்லாமல் செய்திருக்கிறாயே, இதை எந்தப் பக்கம் பிடித்துத் திருத்துவது?

உன் அப்பாவிடம் சொன்னேன். தொழுவத்துக்குப் போய் வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் மாட்டைப் பற்றிப் பேசினார். உனக்கு இது தெரியாது, அப்போது நீ கைக்குழந்தை. நம்மிடம் ஒரு பசு இருந்தது, பால் நன்றாகக் கறக்கும், ஆனால் திடீரென்று உதைக்கும், ஒரு கன்றையே உதைத்துக் கொன்றது. அதைப் பெரம்பலூர்ச் சந்தையில் சாது மாடு மாதிரி நிறுத்தி அரும்பாவூர்க்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார். பொய்கூடச் சொல்லவில்லையாம், அவர் தடவிப் பார்த்தபோது மாடு சும்மா நின்றது, இவரும் சும்மா நின்றார். தன் பெண்டாட்டிதான் பால் கறப்பாள் என்று பேச்சுவாக்கில் அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போகவில்லை. இன்றுவரை பெரம்பலூரைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அரும்பாவூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட வயிற்றுவலி என்று சொல்லிவிட்டார். "ஒரு ஊருக்குப் போவாம இருந்துட்டேன். இவன் சொந்த வூட்டுக் கொல்லைக்கே போவ முடியாமப் பண்ணிக்கிட்டானே. அவன வரச் சொல்லு" என்றார்.

அப்போதே உனக்கு எழுதியிருப்பேன். எழுதவிடாமல் செய்தது வேறொன்று. புரட்டாசி மாதம் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகச் செங்கமலம் வந்து நின்றாள். நெற்றியில் பழையபடி குங்குமம். முகம் பளிச்சென்று இருந்தது, பல் துலக்கக்கூட இல்லை, ஓடிவந்திருக்கிறாள்.

"அக்கா, ஒண்ணு தோணிச்சிக்கா. அந்தக் கம்பெனிக்காரனுக்கு எங்க வெலாசம் எப்படித் தெரிஞ்சிச்சி?"

நான் வாசல் தெளித்த வாளியைக் கீழே வைத்தேன்.

"பட்டணத்துல எவனுக்கு என்னைத் தெரியும்? இந்த வெலாசம் அவரு ஒருத்தருக்குத்தானேக்கா தெரியும்! அவருகிட்ட கேட்டு எழுதினாத்தானே உண்டு? கப்பல்ல வந்து எறங்கி, கையில காசில்லாம, அந்தக் கம்பெனியில எடுபிடி வேலை எதுனா பாக்குறாரோ என்னமோ. வெறுங்கையோட வர வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காரோ என்னமோ. நம்ம தம்பி பட்டணத்துலதானே இருக்கு? போயி ஒரு எட்டு விசாரிக்கச் சொல்லி எழுதுங்கக்கா. வெலாசம் குடுத்தது யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். விலாசம் கொடுத்தது என் பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேலியோரம் நின்று, "தம்பிகிட்டேருந்து காயிதம் வந்துச்சாக்கா?" என்று கேட்கிறாள். தம்பிக்கு வேலை அதிகம், மெதுவாக எழுதுவான் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்கிறேன். பொய் சொல்கிற வேலை எனக்கும் பழகிவிட்டது. உன் கம்பெனியில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்.

நான் உனக்குப் பெரிய புத்திமதி ஒன்றும் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்ததை நம் தெருவில் எல்லோரும் ஒரு மரியாதையாக நினைக்கிறார்கள். கவரை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைச் சின்ன வயதிலிருந்து நீ பார்த்திருக்கிறாய், முந்திரிப்பருப்பைக் கூலியாக வாங்கித் தின்றிருக்கிறாய். உன் முதலாளிக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். வரப்போகிற பெண்ணுக்கும் படிக்கத் தெரியுமாம், சந்தோஷம். அவள் ஒரு நாள் நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பாள். அதிரசத்தைத் தட்டில் போட்டுவிட்டு நான் சும்மா இருந்த மாதிரி அவளும் சும்மா இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

செங்கமலத்தின் கேள்விக்கு நான் பதில் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். தம்பி அப்படிச் செய்யுமா என்று எனக்கே சமாதானம் சொல்வாள். கடிதத்தில் எழுதி அனுப்பினால் அதையும் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், இனிமேல் அவளுக்குக் கடிதம் படிக்க என்னால் ஆகாது. அதனால் நீ வா. அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் ஏதாவது வண்டி பிடித்துக்கொள். நேராக நம் வீட்டுக்கு வராமல் முதலில் அவள் வீட்டுக்குப் போ. நீ சொன்னதும் அவள் நெற்றியை அழித்துவிடுவாள், எனக்குத் தெரியும். அப்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எந்தத் தேதியில் நாள் குறிக்கலாம் என்று சொல், உன் அப்பா பெரம்பலூருக்குப் போவார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். "தம்பிக்கா எழுதுறீங்க? நான் கேட்டத எழுதிட்டீங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுதிவிட்டேன் என்றேன். உன்னிடம் சொல்லி எழுதவைத்த மாதிரியே என்னிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்: "புதுக்குட்டி நல்லா தழை திங்கிதுன்னு எழுதுங்க. தம்பி கல்யாணத்துக்கு நான்தான் மஞ்ச இடிப்பேன், வேற யாரையும் வுட மாட்டேன்னு எழுதுங்க. அவரும் அதுக்குள்ள வந்துட்டா ரெண்டு பேருமா சபையில உக்காருவோம்னு எழுதுங்க."

நான் எதுவும் தடவாமல்தான் கவரை எடுத்துவைத்தேன். அவள் விடவில்லை. நல்ல சேதி கேட்டு எழுதுகிற கடிதம் மொட்டையாகப் போகலாமா என்று, தன் வீட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் முடிப்பதற்காகக் கையில் கிண்ணத்தோடு காத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே இந்தக் கவரின் நான்கு மூலையிலும் நீ பார்த்தது அவள் விரல் தடவின மஞ்சள்.

அம்மா